டர்பனில் 98, ஜோகன்னஸ்பர்க்கில் 94: அம்மாவின் நுரையீரலில் கோளாறா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 67. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அண்ணன் வீட்டுக்குப் போனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இங்கே 98 சதவீதம் காட்டும், அங்கே 94தான். ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?

பதில்: சிலிண்டர் வேண்டாம். அந்த உயரத்தில் 94 பயப்பட வேண்டிய எண் அல்ல.

டர்பன் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு ஊர்க் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். இங்கே 760 மி.மீ. பாதரசம் என்றால் அங்கே ஏறக்குறைய 625.

நுரையீரலுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளிவிட உள்ளே பம்பு எதுவும் கிடையாது. கோடிக்கணக்கான நுண்ணறைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய இரத்த நாளங்கள், நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத சவ்வு. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு தானாகப் பரவுகிறது, அவ்வளவுதான். டர்பனில் நுண்ணறைக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் 75 முதல் 80 வரை.

கால்வாசி குறைந்தும் ஆக்சிமீட்டர் எண் நாலு மட்டும் இறங்கியது எப்படி? சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் குணம் அது. இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 வரை இறங்கினாலும் அது 90 சதவீதம் நிரம்பியே இருக்கும். அதற்கும் கீழே போனால்தான் மளமளவென்று சரியும்.

சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒரு சிவப்பணு நுண்ணறையைத் தொட்டபடி முக்கால் விநாடி இருக்கும். நிரம்பக் கால் விநாடியே போதும். படி ஏறும்போது இரத்தம் வேகமாக ஓடுவதால் இந்த அவகாசம் சுருங்குகிறது, கூடவே உடல் அதிக ஆக்சிஜன் கேட்கிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. முதல் இரண்டு நாள் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். வலிந்து ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம்: கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி, தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும்.

நகப்பூச்சைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் கை சில்லிட்டிருந்தாலும் எண் தவறாகக் காட்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு அளப்பது நல்லது.

எனக்கு 94ஐ விட 98தான் உறுத்துகிறது. ஆக்சிமீட்டர் சொல்வது இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபினே குறைவாக இருந்தாலும் அது 98 காட்டும். சாட்ஸ்வொர்த்திலேயே படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். ஆமென்றால் இரத்தப் பரிசோதனை செய்து, இதயத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஓய்வில் இருக்கும்போதே 90க்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காரில் பல மணி நேரம் உட்கார்ந்து போன பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, திடீரென்று மூச்சும் திணறினால் அது உயரத்தால் வந்ததல்ல. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதற்கும் தாமதிக்கக் கூடாது.