வீட்டைப் பார்க்காமலே டோக்கன் அனுப்பலாமா?

கேள்வி: கோவையிலிருந்து வேலை மாறி சென்னை வருகிறேன். வேளச்சேரியில் 2 படுக்கையறை வீடு 13,000 ரூபாய் வாடகைக்கு என்று ஆன்லைனில் பார்த்தேன். ஓனர் ராணுவத்தில் இருக்கிறாராம், இப்போது வெளிமாநிலத்தில் பணியாம். நிறையப் பேர் கேட்பதால் 5,000 டோக்கன் அனுப்பினால்தான் வீட்டை நிறுத்தி வைக்க முடியும் என்கிறார். நம்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். குறைந்த வாடகை, ராணுவம், வெளியூர், அவசர டோக்கன் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. இது பல வருடங்களாக இந்தியா முழுக்க நடக்கும் மோசடி. அம்மாவின் வீட்டை வாடகைக்கு விடுவது நான்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரியும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் நீங்கள் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாரே? அவை வேறு யாருடையதோ. வழக்கமாக ஓனர்தான் குடிவருபவரிடம் ஆதார் கேட்பார். ஓனரே முந்திக்கொண்டு தன்னுடையதை அனுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிலுக்கு உங்கள் ஆதாரையும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆளை ஏமாற்றும்போது அது உங்கள் பெயரில் போய் நிற்கும். நிஜமாகவே ராணுவத்தில் இருப்பவர்களும் வீடு விடுகிறார்கள். ஆனால் அவர்கள் சார்பில் அப்பாவோ மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ சாவியோடு வந்து கதவைத் திறந்து காட்டுவார்கள்.

விளம்பரத்தில் உள்ள படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே ஹால் வேறு ஊர் விளம்பரத்தில் இருந்தால் விஷயம் முடிந்தது. எங்கும் கிடைக்கவில்லை என்பதற்காக உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொரு வகை, கேட் பாஸ். பெரிய அடுக்குமாடி வளாகங்களின் பெயரைச் சொல்லி, வீடு பார்க்க உள்ளே விட 2,000, 2,500 கட்ட வேண்டும், பார்த்ததும் திரும்பி வந்துவிடும் என்பார்கள். கட்டினால், 'சிஸ்டத்தில் பிழை, அதே தொகையை இன்னொரு தடவை அனுப்புங்கள், சேர்த்து வந்துவிடும்' என்று அடுத்த அழைப்பு வரும். போன பணத்தை மீட்கும் ஆசையில் இப்படியே பத்து, இருபதாயிரம் இழந்தவர்கள் உண்டு. வீடு பார்க்க வருபவரிடம் எந்த அசோசியேஷனும் இப்படிப் பணம் வாங்குவதில்லை. வாட்ச்மேனிடம் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தால் போதும்.

இவற்றையெல்லாம் ஒரே விதியில் தடுத்துவிடலாம்: வீட்டுக்குள் நின்று பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். வீடு உண்மை, சாவி உண்மை, ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தமும் உண்மை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் ஓனர் இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் லீஸ் விஷயத்தில் இது நடக்கிறது. ஒரு நிறுவனம் பல ஓனர்களிடம் மாத வாடகைக்கு வீடு எடுக்கும். அதே வீடுகளை 'மாத வாடகையே இல்லை, 8 லட்சம் லீஸ்' என்று ஆன்லைனில் விளம்பரம் செய்து குடும்பங்களுக்குக் கொடுக்கும். லீஸ் பணத்திலிருந்தே சில மாதம் ஓனருக்கு வாடகை போகும். பிறகு நின்றுவிடும், அலுவலகமும் பூட்டிவிடும். வாடகை வரவில்லையே என்று ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். என் நண்பர் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. குறைந்த லீஸ் தொகை என்று யாராவது சொன்னாலே எனக்குப் பதறுகிறது.

அதனால் வீடு பிடித்த பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள்: பத்திர நகல், இ.பி. பில், சொத்து வரி ரசீது. மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று பாருங்கள். அப்பா பெயரில் இ.பி., மகன் பெயரில் பத்திரம் என்று இருப்பது சகஜம், அதற்கு விளக்கம் கிடைக்கும். பெரிய தொகை என்றால் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தில் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டுவது) கட்டணமில்லாமல் பார்க்கலாம். கையெழுத்து ஓனருடையதாக இருக்க வேண்டும், பணமும் ஓனரின் கணக்குக்கே போக வேண்டும். யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். வேறு பெயர் வந்தால் 'அது என் மனைவி கணக்கு' என்ற பதிலை நம்பி அழுத்தாதீர்கள். பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடம் பேசுங்கள், ஓனர் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவு செய்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஓனர்களும் அலைச்சலை நினைத்துச் சலித்துக்கொள்வார்கள்தான், ஆனால் மோசடிக்காரர் அந்தப் பேச்சோடு காணாமல் போய்விடுவார்.

வீடு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்று அதே 'ராணுவ அதிகாரி' வாடகைக்கு வருபவராகவும் அழைப்பார். முதலில் 1 ரூபாய் அனுப்பச் சொல்லி 2 ரூபாயாகத் திருப்பித் தருவார், நம்புவதற்கு. பணம் வாங்க பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம்.

ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அவரோடு வாதாடிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் தகவல் போனால் வங்கி அதை முடக்கி வைக்க முடியும். நாமே பின் போட்டு அனுப்பியதால் வங்கி ஈடு கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் இந்த வேகம்தான் முக்கியம். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று சில நாளில் ஒருவர் அழைக்கக்கூடும். அவருக்கும் எதுவும் அனுப்பாதீர்கள், புகார் கொடுத்ததற்குக் காவல்துறை கட்டணம் கேட்பதில்லை.