சர்க்கரை நோய்க்குச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் சோற்றை நிறுத்திவிட்டு, காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் இரவில் சப்பாத்தியும் கொடுத்துவருகிறோம், ஆனாலும் சர்க்கரை குறையவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு இதையேதான் ஓராண்டுக்கு மேல் நாங்களும் செய்துகொண்டிருந்தோம்.

அரிசி, கோதுமை இரண்டிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். சமைக்காத நூறு கிராமுக்கு இரண்டுமே ஏறத்தாழ 350 கலோரி தருகின்றன. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் சப்பாத்திதானே என்ற தைரியத்தில் அம்மா உருளைக்கிழங்குக் குருமாவோடு நான்கு சாப்பிட்டபோது அந்த நன்மை இருந்த இடம் தெரியவில்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆயினும் மாவாக அரைத்துக் குழைய வேகவைத்துக் கஞ்சியாகக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லாமல் விரைவில் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டிக் கொடுப்பது மேல்.

வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இது விளங்கியது. கஞ்சி குடித்த காலையில் 248 காட்டியது. பெரும்பாலானோருக்கு அந்த நேரத்தில் 180க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதன்பின் மதியத் தட்டை மாற்றினோம்: பாதித் தட்டு அவரைக்காய்ப் பொரியலும் கீரைக் கூட்டும், கால் பங்கு மீனோ முட்டையோ சுண்டலோ, மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் பிசைந்துகொள்வார். பிறகு கால் மணி நேரம் முற்றத்தில் நடப்பார். சோறு சாப்பிட்டும் 165 வந்த அன்று, அம்மா அந்த எண்ணை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. முதல் வாரம் கிண்ணத்தில் சோற்றை அளந்து போட்டபோது, "பெற்ற பிள்ளையே எனக்குச் சோற்றை அளந்து போடுகிறதே" என்று அவர் கண்கலங்கினார். அன்றிரவே வீட்டில் எல்லோருக்கும் அதே அளவு, அதே வரிசை என்று மாற்றிக்கொண்டோம். உங்கள் அப்பாவுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். பழச்சாற்றுக்குப் பதில் ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம்.

சோற்றின் அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்வையும் கை நடுக்கமும் வரக்கூடும். அப்போது தயங்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்; ஏறவில்லையென்றால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.