ஏரிக்கரைக் குகைகளும் மகேந்திரவாடிப் பாறையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறாள். போன கோடையில் அங்கே போயிருந்தபோது சுப்பீரியர் ஏரிக்குக் கூட்டிப்போனாள். அப்போஸ்தல் தீவுகள் என்று பெயர். படகில் போனால் கரைப்பாறை முழுக்கக் குகை குகையாக, தூணும் வளைவுமாக இருக்கிறது. எல்லாம் மணற்கல்லாம். ஆந்திராவின் பெலும் குகையை நான் பார்த்திருக்கிறேன். அதைப்போல இதையும் தண்ணீர்தான் கரைத்ததா? அப்படியென்றால் நம் காவேரிப்பாக்கம் ஏரி ஆயிரம் வருஷமாக இருக்கிறதே, அதன் கரையில் ஏன் ஒரு குகைகூட இல்லை?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள அம்மா,

அவ்வளவு தூரம் போயும் காவேரிப்பாக்கத்தை நினைத்துக்கொண்டீர்களே, அதுதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது.

பெலும் சுண்ணாம்புப் பாறை. கரியமில வாயு கலந்த மழைநீர் லேசான அமிலமாகிக் கல்லையே கரைத்துவிடுகிறது. மணற்கல் அப்படிக் கரையாது. எள்ளுருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எள்ளைப் பிடித்திருப்பது வெல்லப்பாகு. பாகு இளகினால் எள் உதிரும், எள் கரைவதில்லை. மணற்கல்லில் மணல்தான் எள். அதைப் பிடித்திருக்கும் சிலிக்காவோ இரும்புத்துருவோ பாகு. அலை அந்தப் பிடிப்பைத் தளர்த்தி மணலை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறது.

ஆனால் எல்லா மணற்கல்லும் குகையாகிவிடாது. அந்தத் தீவுகளில் மணற்கல் மூன்று அடுக்காகக் கிடக்கிறது. மேலும் கீழும் உள்ளவை பழங்கால ஆறுகள் கொட்டிய மணல். பெரும்பாலும் தடித்த படிவு. நடுவில் இருப்பது, தேங்கிய தண்ணீரில் மெல்லிய தாள்களாகப் படிந்த மணல். டெவில்ஸ் தீவின் பெயரையே அந்த அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மெல்லிய அடுக்கு ஏரியின் நீர்மட்டத்துக்கு வரும் இடங்களில்தான் நீங்கள் பார்த்த நுட்பமான வேலைப்பாடு இருக்கும்.

அலை முதலில் பாறையின் அடியைத்தான் அரிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் சிறு குடைவுகள் விழுகின்றன. அவை உள்ளே போகப் போக அகன்று, பாறையின் முகத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இடையில் அரிபடாமல் நின்ற கல்தான் நீங்கள் பார்த்த தூணும் வளைவும். அப்புறம் குளிர்காலம் தன் பங்கைச் செய்கிறது. விரிசலில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. ஒரு நாள் நீங்கள் அங்கே பனிக்காலத்தில் போக வேண்டும். ஏரி கெட்டியாக உறைந்தால் குகைக்கு நடந்தே போகலாம். கசிந்த நீர் கூரையிலிருந்து பனித்தூணாகத் தொங்கும். 2014 குளிர்காலத்தில் மட்டும் 1,38,000 பேர் அப்படிப் போய்ப் பார்த்தார்கள்.

கல்லுக்கும் குகைக்கும் வயது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது. ஏரியோ, பனிப்பாறைகள் பின்வாங்கிய பிறகு, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது. இந்தக் குகைகள் அதற்கும் இளையவை.

சரி, காவேரிப்பாக்கம். அதன் கரை பாறையே இல்லை, மனிதர் கொட்டி உயர்த்திய மண். அலை அடித்து மண் கரையாமலிருக்க உட்புறம் கல் பதித்திருக்கிறார்கள். அலையின் பலமும் வேறு. சுப்பீரியரின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் பாதிக்கும் அதிகம். அத்தனை தூரம் தடையில்லாமல் காற்று தள்ளிவரும் அலை நம் ஏரியில் எழ வழியில்லை. உறைபனிக்கும் இங்கே இடமில்லை.

கல்லும் வேறு. வேலூர்ப் பக்கத்துப் பாறைகள் ஆழத்தில் வெந்து இறுகியவை. படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும். உருவி எடுக்கத் தனி மணல் கிடையாது. வெங்காயத் தோல்போல உரியும், குண்டாக உருளும். வள்ளிமலையில் சமணர்கள் தங்கிய இடம்போல மலைமேல் இயற்கைக் குகைகள் உண்டு. ஏரி அலை குடைந்தவை அல்ல அவை.

ஆனாலும் நம்மிடம் ஏரிக்கரைக் குகை ஒன்று இருக்கிறது அம்மா! சோளிங்கரிலிருந்து அதிக தூரமில்லை, மகேந்திரவாடி. தனியாக நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த திருமால் கோயில். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் குணபரன் இதைக் குடைந்தான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. குணபரன் அவன் பட்டப்பெயர். 1,400 ஆண்டுகளுக்கு முன் உளியால் கொத்திக் கொத்தி எடுத்த வேலை.

அங்கே போனால் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இவையும் நட்ட தூண்கள் அல்ல, சுற்றியிருந்த கல்லை எடுத்தபின் விட்டுவைத்தவை. சுப்பீரியர் ஏரியில் படகிலிருந்து பார்த்த தூண்களை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மகள் ஊருக்கு வரும்போது அவளையும் கூட்டிப்போங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரியில் தண்ணீரையும் பார்க்கலாம்.

அன்புடன்.