புரதப் படிகத்துக்குள் நொதி: கேள்வி பதில்

புரதப் படிகத்துக்குள் நீர் நிறைந்த நுண்கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் வேறொரு நொதியை ஏற்றி நிறுத்துவது பற்றிய கேள்விகள் இவை.

இளவேனில்: கோழிமுட்டை லைசோசைம் படிகம் சுலபமாக வளர்கிறது. அதற்குள் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்ற நொதியை ஏற்றலாமா?

முடியாது. லைசோசைமின் டெட்ராகோனல் படிகத்தில் கால்வாய்களின் அகலம் 1 முதல் 2.5 நானோமீட்டர்தான். பெராக்சிடேஸ் 44 கிலோடால்டன், குறுக்களவு சுமார் 5 நானோமீட்டர். சாயம் உள்ளே போகும். நொதி வாசலிலேயே நிற்கும். படிகத்தில் உள்ள கரைப்பானின் (நீரின்) சதவீதத்தைப் பார்த்துப் படிகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 60 சதவீதம் நீர் இருந்தாலும் அது சிறு இடுக்குகளாகச் சிதறிக் கிடக்கலாம். பாதையில் எந்த இடம் மிகக் குறுகலோ, அதுதான் கணக்கு. கேம்பிலோபாக்டர் ஜெஜுனியின் ஒரு புரதம் தரும் அறுகோணப் படிகத்தில் 13 நானோமீட்டர் துளைகள் நேராக ஓடுகின்றன. அதில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்கூட நுழையும்.

கரைசல்: அந்தப் படிகத்தை அம்மோனியம் சல்ஃபேட்டில் வளர்த்து, அதே சொட்டில் கிளையாக்சால் சேர்த்தேன். பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போட்டதும் கரைகிறது.

கிளையாக்சால் ஓர் ஆல்டிஹைடு. அது பிடிக்க வேண்டியது படிகப் புரதத்தின் லைசினில் உள்ள அமீனை. நீங்கள் அதைவிடப் பல மடங்கு அம்மோனியத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கிளையாக்சால் அதோடு தீர்ந்துபோகிறது. முதலில் படிகத்தை 4.2 மோலார் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடும் ஹெப்பிஸ் பஃபரும் (பிஎச் 7.5) கலந்த கரைசலுக்கு மாற்றி, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அதன் பிறகே குறுக்குப்பிணைப்பு, அதாவது படிகம் கரையாதபடி புரதங்களை ஆல்டிஹைடால் ஒன்றோடொன்று கட்டுவது. முடிந்ததும் ஒரே ஒரு படிகத்தை வெறும் நீரில் போட்டுப் பாருங்கள். விளிம்பு மழுங்கினால் மீதியைத் தொடாதீர்கள்.

மணிமொழி: ட்ரிஸ் பஃபரில் குளூட்டரால்டிஹைடு போட்டால் பிணைப்பு வரவில்லையே?

மேலே உள்ள பதிலேதான். ட்ரிஸும் அமீன். குறுக்குப்பிணைப்பு முடிந்தபின் மீந்த ஆல்டிஹைடை அடக்க ட்ரிஸ் நல்லது, அதற்கு முன் அல்ல.

வெண்பனி: குளூட்டரால்டிஹைடு சேர்த்ததும் படிகம் வெடிக்கிறது.

நேரடியாக ஊற்றாதீர்கள். படிகம் வளரும் தட்டின் குழிக்குள் ஒரு மேடை வைத்து, அதில் 25 சதவீதக் கரைசல் 2 முதல் 5 மைக்ரோலிட்டர் விட்டு மூடுங்கள். ஆவி மெதுவாகச் சொட்டுக்குள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் சோதிக்கலாம். நொதியை ஏற்றிய பிறகு இதைச் செய்யாதீர்கள். நொதியின் லைசினும் மாட்டிக்கொள்ளும்.

தேன்துளி: ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) உள்ள, ஒளிரும் சாயமிட்ட நொதியை நிக்கலால் ஏற்றினேன். கன்ஃபோகலில் (படிகத்தை அடுக்கடுக்காகப் பார்க்கும் நுண்ணோக்கி) ஓரம் மட்டும் ஒளிர்கிறது.

பிணைப்பு மிக வலுவாக இருக்கிறது. முதலில் வந்த மூலக்கூறு வாசலிலேயே ஒட்டி, பின்னால் வருபவற்றை மறிக்கிறது. 100 மைக்ரோமீட்டர் படிகத்தின் நடுவுக்குத் தூரம் 50. தண்ணீரில் விரவல் கெழு (மூலக்கூறு எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) சுமார் 60 சதுர மைக்ரோமீட்டர்/விநாடி என்றால், 2500-ஐ 60-ஆல் வகுத்து 40 விநாடி. ஒட்டி ஒட்டி நகர்வதால் அது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் 11 மணி நேரம். ஏற்றும்போதே, நிக்கலுக்காக ஹிஸ் டேக்கோடு போட்டியிடும் இமிடசோலைக் கொஞ்சம் சேர்த்துப் பிடியைத் தளர்த்துங்கள். உள்ளே பரவியபின் கழுவி எடுத்துவிடலாம். சாயத்தை மட்டும் தனியாக ஊறவைத்த ஒரு படிகமும் அவசியம். பல சாயங்கள் தாமாகவே புரதத்தில் ஒட்டும்.

மறுமொழி: இதற்கு ஏன் கன்ஃபோகல்? நன்றாகக் கழுவிய படிகம் வினை புரிகிறது, கழுவுநீரில் வினை இல்லை. நொதி உள்ளே இருக்கிறது என்பதற்கு அது போதாதா?

போதாது. மேற்பரப்பில் இறுக ஒட்டியதும் கழுவுநீரில் வராது. படிகத்தை நசுக்கி அளந்து பாருங்கள்.

மறுமொழி: நசுக்கினால் பரப்பு கூடும், வினையும் கூடும். அதில் என்ன நிரூபணம்?

புதிதாகத் திறக்கும் பரப்பில் நொதி இருந்தால்தானே வினை கூடும்? வெளியே மட்டும் ஒட்டியிருந்தால் உடைந்த முகங்கள் வெறுமையாக இருக்கும், மொத்த வினை ஏறாது. ஏறினால், உள்ளே இருந்த நொதி வினைபடுபொருள் எட்டாமல் பட்டினி கிடந்தது என்று பொருள்.

மறுமொழி: ஏறாவிட்டால் உள்ளே இல்லை என்று முடிவுகட்டலாமா?

முடியாது, அந்த இடத்தில் உங்கள் ஐயம் சரி. மந்தமான நொதியானால், உள்ளே இருந்தும் பட்டினி கிடக்காது. அதற்குத்தான் கன்ஃபோகல்.

கார்முகில்: ஏற்றிய நொதியை வெளியே எடுக்க எது நல்லது, உலோகத்தைப் பிடித்திழுக்கும் இடிடிஏவா இமிடசோலா?

நொதியைப் பொறுத்தது. உலோகம் தேவைப்படும் நொதிக்கு 50 மில்லிமோலார் இடிடிஏ ஆபத்து. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸின் துத்தநாகமும் பெராக்சிடேஸின் கால்சியமும் பறிபோகலாம். இமிடசோல் 250 முதல் 500 மில்லிமோலார் வேகமாக விடுவிக்கும். ஆனால் 280 நானோமீட்டர் அளவீட்டைக் கெடுக்கும், ஹீம் நொதியின் இரும்பிலும் போய் ஒட்டும். அளக்குமுன் உப்புநீக்கம் செய்யுங்கள். மெதுவாக விட வேண்டுமா? 20 முதல் 50 மில்லிமோலாரில் தொடங்குங்கள்.

நெய்தல்: உடலுக்குள் ஊசியாகப் போடலாமா?

நச்சான நிக்கல் இருக்கும் வரை பேச்சே இல்லை. மற்றதை நோயெதிர்ப்பியல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

புதுவரவு: கிளைசின் பஃபரில் குளூட்டரால்டிஹைடு...

அமீன்!