அடி விழுந்தால்தான் விளையாட்டா?

கேள்வி: நான் தரம் 10 மாணவன். சின்ன வயதிலிருந்தே நீந்துகிறேன். இப்போது பாடசாலை அணியில் 200 மீற்றர் பட்டர்ஃப்ளை நீந்துவது நான்தான். என் அண்ணா அதே பாடசாலையில் றக்பி விளையாடுகிறார். இரவுச் சாப்பாட்டு நேரம் எப்போதும் ஒரே கதைதான். "ஒருத்தனும் உன்னைத் தொட மாட்டான், விழுத்த மாட்டான். பிறகென்ன விளையாட்டு? அது குளிக்கிறதுடா" என்பார். அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். நீச்சல் உண்மையிலேயே றக்பி, குத்துச்சண்டை மாதிரிக் கடினமானதா? இல்லையென்றால் நானும் றக்பிக்கு மாறலாமா? இதற்கிடையில் அவர்களோடு ஒரு பந்தயமும் கட்டிவிட்டேன்: மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியால் யார் கூடத் தூரம் போவது என்று. இன்னொன்று, இரண்டு மூன்று கிழமையாக வலது தோள் நோகிறது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணா அதற்கும் சிரிப்பார்.

– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தம்பி, மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். அந்தப் பந்தயத்தை இன்றைக்கே கைவிடுங்கள்.

காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்றால் உங்கள் வயதில் யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் சொல்கிறேன். மூச்சு எடுக்க வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதால் வருவதில்லை, காபனீரொட்சைட்டு கூடுவதால் வருகிறது. பந்தயத்துக்கு முன் எல்லோரும் என்ன செய்வார்கள்? வேகவேகமாக நாலைந்து தரம் மூச்சை இழுத்து விடுவார்கள். அப்போது காபனீரொட்சைட்டு வெளியே போய்விடும், ஒட்சிசன் பெரிதாகக் கூடாது. பிறகு தண்ணீருக்கு அடியில் போனால், தவிப்பு வர வேண்டிய நேரத்தில் வராது. "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்றே தோன்றும். மூளைக்குப் போகும் ஒட்சிசன் அதற்குள் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வந்துவிடும். மயங்கியவர் கை காலை அடிப்பதில்லை, கத்துவதில்லை. கரையில் நிற்கிறவர்கள் அவர் இன்னும் பந்தயத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். தவிப்பை அடக்கிப் பழகியவர்கள் என்பதால் ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல். "பயந்திட்டான்" என்று சொன்னால் சொல்லட்டும்.

சரி, இனி உங்கள் கேள்வி.

ஒரு விஷயத்தில் அண்ணா சொல்வது சரி. தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு முழு வேகத்தில் உங்களை நோக்கி ஓடி வருகிறான். நீங்கள் விலகாமல், கண்ணை மூடாமல், முழங்காலை மடித்து, தலையைச் சரியான பக்கத்தில் வைத்து, தோளை அவன் தொடையில் கொடுக்க வேண்டும். தலை தவறான பக்கம் போனால் அவன் முழங்கால் உங்கள் நெற்றியில். விழுந்த பிறகு எழும்பி, அடுத்தவன் வருவதற்குள் வரிசையில் போய் நிற்கவும் வேண்டும். இன்னொரு மனிதனின் உடம்பை எதிர்கொள்கிற இந்தத் துணிச்சல் நீச்சலில் இல்லை. அந்த விஷயத்தில் நீச்சல் றக்பிக்குப் பக்கத்திலும் வராது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிற விளையாட்டு அது. இதை ஒத்துக்கொள்வதால் உங்களுக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் கடினம் என்றால் அது மட்டும்தான் என்று அண்ணா நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் பிழை.

உங்கள் 200 மீற்றர் பட்டர்ஃப்ளையின் கடைசி ஐம்பதை எடுத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், அண்ணாவுக்காகச் சொல்கிறேன். தோள் ஈயமாகக் கனக்கிறது, இடுப்பு கீழே இறங்கத் தொடங்குகிறது. இடுப்பு இறங்கினால் தண்ணீரின் தடை கூடுகிறது, தடை கூடினால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும், இழுக்கப் பலம் இல்லை. இரண்டு கையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலால் முன்னே வர வேண்டும், சுவரை இரண்டு கையும் ஒன்றாகத் தொட வேண்டும். தவறினால் நீந்தியது முழுவதும் வீண், போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் நினைத்த நேரத்தில் மூச்சு விட முடியாது. களைத்துப்போன றக்பிக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து எவ்வளவு காற்று வேண்டுமானாலும் இழுக்கலாம். நீங்கள் தலை தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கணத்தில் மட்டும் இழுக்கலாம், அந்த நேரம் அலை வாய்க்குள் அடித்தால் அதுவும் இல்லை. நெஞ்சைச் சுற்றித் தண்ணீர் அழுத்துவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் வேலை வேறு.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடை நாலு மடங்காகும், அதற்குத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். அதனால்தான் ஆறு மாதம் விடியப்புறம் எழும்பி நீந்தியும் நேரத்தில் ஒரு செக்கனைக் குறைக்க முடியாமல் அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். றக்பியில் தோற்றால் நடுவரைத் திட்டலாம், மழையைத் திட்டலாம், பந்தைத் தவறவிட்டவனைத் திட்டலாம். நீச்சலில் கடிகாரம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு வரை சரியாகச் சொல்லிவிடுகிறது, அதோடு கதை முடிந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உங்கள் போட்டியிலேயே, அதாவது 200 மீற்றர் பட்டர்ஃப்ளையில், மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியாமல் போய்விட்டது. அவர் கைவீச்சுகளை எண்ணி எண்ணி நீந்திச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 செக்கன், தங்கமும் உலக சாதனையும். யாரும் அவரை அடிக்கவில்லைதான்.

அப்படியென்றால் ஏன் றக்பிக்கு மட்டும் இந்த மரியாதை? பெரிய காரணம் பார்வையாளர்கள் என்றுதான் நான் சொல்வேன். கொழும்பில் பாடசாலை றக்பி என்பது விளையாட்டு மட்டும் இல்லை. 1945 முதல் றோயலும் கண்டி ட்ரினிட்டியும் மோதுகிற பிரட்பி கேடயத்தைப் பாருங்கள்: கொடி, பாட்டு, பழைய மாணவர்கள், அடுத்த நாள் பத்திரிகையில் படம். இரத்தம் வடிகிற நெற்றியோடு ஓடுகிறவனைக் கூட்டம் முழுக்கப் பார்க்கிறது. நீச்சல் போட்டிக்கு வருவது துவாயோடு அம்மா, அப்பா வேலையால் நேரத்துக்கு வந்தால் அப்பா. உங்கள் முகம் தண்ணீருக்குள்ளே இருக்கிறது, வேதனை யாருக்குத் தெரியப்போகிறது? வியர்வைகூடத் தெரியாது. (சொல்ல மறந்துவிடுவேன்: வெயிலில் சூடேறிய தடாகத்தில் நீந்தும்போது நன்றாக வியர்க்கும். ஒரு போத்தல் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள்.)

இதைப் படித்ததும் "அண்ணாவைத் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் 200 மீற்றர் நீந்தச் சொல்கிறேன், அப்போது தெரியும்" என்று உங்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள். அது நியாயமான சோதனை இல்லை. தசை இறுகிய உடம்புக்குக் கால் கீழே இறங்கும். நுட்பம் தெரியாதவர் 50 மீற்றரிலேயே மூச்சு வாங்கி நிற்பார். அதனால் அவர் பலவீனமானவர் என்று ஆகிவிடாது. உங்களை ஸ்க்ரம்மின், அதாவது இரண்டு அணியும் தோளைக் கோத்து முட்டித் தள்ளுகிற இடத்தின், முன்வரிசையில் நிறுத்தினால் நீங்கள் நிற்கிற நிலையும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டியபடி உடம்பை வடிவமைத்துக்கொள்கிறது. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தால் எப்போதும் அந்த அளவுகோலின் சொந்தக்காரர்தான் வெல்வார்.

அண்ணாவுக்கு ஒரு பதில் வேண்டுமென்றால் நம்முடைய ஆட்களிடமே இருக்கிறது. ஆழிக்குமரன் ஆனந்தன் என்ற பெயரை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் பாக்கு நீரிணையை இந்தியக் கரைவரை நீந்தி, திரும்பவும் நீந்தியே வந்தவர். மொத்தம் 51 மணித்தியாலம். இரண்டு இரவு, உப்புத் தண்ணீர், நீரோட்டம், நித்திரை இல்லை. (அதே நீரிணையை 1954இலேயே நவரத்தினசாமி நீந்திக் கடந்திருந்தார்.) 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இறங்கிய ஆனந்தன் அந்த முயற்சியிலேயே உயிரை விட்டார். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். அந்தக் கடலின் குளிர் நம்முடைய கடலில் பழகியவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவரையும் யாரும் தொடவில்லை, விழுத்தவில்லை.

"தொடமாட்டான்" என்பதும் முழு உண்மை இல்லை. திறந்த கடலில் நடக்கும் 10 கிலோமீற்றர் போட்டியில் முழங்கையும் காலும் முகத்தில் படுவது சாதாரணம். வேண்டுமென்று மறித்தால் மஞ்சள் அட்டை, மீண்டும் செய்தால் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிடுவார்கள். வாட்டர் போலோவோ கேட்கவே வேண்டாம். தரையில் கால் படாத ஆழத்தில் மிதந்துகொண்டே பந்துக்காக மல்லுக்கட்டுகிற விளையாட்டு. நடுவருக்குத் தெரிவது தண்ணீருக்கு மேலே நடப்பது மட்டும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில், சோவியத் படைகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கிச் சில கிழமைகளில், அந்த இரண்டு நாட்டு அணிகளும் தண்ணீருக்குள் மோதின. ஹங்கேரி 4–0 என்று முன்னணியில் இருந்தபோது ஏர்வின் ஸாடோர் என்ற வீரருக்குக் கண்ணுக்குக் கீழே குத்து விழுந்து இரத்தம் கொட்டியது. ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. வெற்றியை ஹங்கேரிக்குக் கொடுத்தார்கள், தங்கத்தையும் அவர்கள்தான் எடுத்தார்கள். அந்த ஸாடோர் பிறகு அமெரிக்காவில் நீச்சல் பயிற்றுநரானார். சிறுவயதில் அவரிடம் பயின்ற ஒருவர்தான் 1972இல் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ்.

மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். றக்பி உங்களுக்குப் பிடித்திருக்கிறது, பந்தைக் கையில் எடுத்து ஓட ஆசை, அணியோடு சேர்ந்து வெல்லவும் தோற்கவும் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். பதினைந்து வயதில் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். நீச்சலால் வந்த மூச்சுப்பலம் அங்கேயும் உதவும். நீச்சல் கொடுக்காத ஒன்றையும் அது கொடுக்கும்: ஓடுவதும் குதிப்பதும்தான் எலும்பை உறுதியாக்கும். தண்ணீர் நம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் நீச்சலில் அந்த வேலை எலும்புக்குக் கிடைப்பதில்லை. (நீச்சலிலேயே இருந்தாலும் கிழமையில் இரண்டு மூன்று நாள் கயிறு பாயுங்கள், ஓடுங்கள்.) ஆனால் உங்கள் கடிதத்தில் றக்பி பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அண்ணா சிரிக்கிறார் என்பதுதான் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஜெயிப்பதற்காக விளையாட்டை மாற்றினால், றக்பியில் உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னுக்கு இருக்கிற அதே அண்ணாவோடு இன்னும் பக்கத்தில் நின்று ஒப்பிடப்படுவீர்கள். உடம்போடு உடம்பு மோதுவதுதான் ஆசை என்றால், நீச்சலை விடாமலே வாட்டர் போலோவுக்குப் போகலாம். றோயலும் சென் தோமஸும் மோதும் போட்டிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் இவை எதுவும் இப்போதைக்கு இல்லை, உங்கள் தோளால். 25 மீற்றர் தடாகத்தில் 4 கிலோமீற்றர் பயிற்சி என்றால் 160 நீளம், ஒரு நீளத்துக்குப் பதினெட்டு இருபது கைவீச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3,000. கிழமையில் ஐந்து நாள் நீந்தினால் 15,000, ஒரு தோளுக்கு அதில் பாதி. அவ்வளவு தரம் சுழல்கிற மூட்டு நோகத் தொடங்கினால் அது "பழக்கமில்லாத நோவு" இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது குத்துகிறதா, அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நோகிறதா என்று கவனித்து வையுங்கள், டொக்டர் கேட்பார். விளையாட்டுக் காயங்கள் பார்க்கிற டொக்டரிடமோ ஃபிசியோதெரபிஸ்ட்டிடமோ இந்தக் கிழமையே போங்கள். அதுவரை உள்ளங்கையில் மாட்டுகிற கைப்பலகை போட்டு நீந்துவதும் பட்டர்ஃப்ளையும் வேண்டாம். கால் பயிற்சி செய்வதென்றாலும் மிதவைப் பலகையை நீட்டிப் பிடிக்காமல், கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீட்டிப் பிடித்தால் அதே இடத்தில்தான் அழுத்தும். நோவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு இறங்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அம்மாவிடம் இன்று இரவே சொல்லுங்கள், பயிற்றுநரிடம் நாளைக்கு. போட்டி நெருங்கிவிட்டது என்று ஒளித்தால் இரண்டு கிழமையில் ஆறுவதை இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொள்வீர்கள். அண்ணா சிரித்தால், ஆட்டத்துக்கு முதல் அவருடைய தோளிலும் கணுக்காலிலும் சுற்றுகிற டேப் எதற்கு என்று ஒரு தரம் கேளுங்கள்.