‘பேர்ட்’ படத்தில் ஒலிப்பது ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் சொந்த வாசிப்பா, வேறொருவருடையதா?

பெரும்பாலும் பார்க்கருடையதுதான். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 1988-இல் வெளிவந்த அந்தப் படத்தில் பார்க்கராக நடித்த ஃபாரஸ்ட் விட்டேகர் வாயில் சாக்ஸபோன் இருக்கும். நம் காதில் விழுவதோ 1955-இல், 34 வயதில், போதைக்கும் குடிக்கும் உடலைத் தின்னக் கொடுத்து இறந்துபோன மனிதரின் மூச்சு.

பார்க்கரின் பழைய பதிவுகளில் எல்லா வாத்தியங்களும் ஒன்றோடொன்று கலந்து, கரகரவென்று கிடந்தன. அவருடைய துணைவி சான் பாதுகாத்து வைத்திருந்த பதிவுகளும் அவற்றில் உண்டு. இசைப் பொறுப்பாளர் லெனி நீஹாஸ் குழுவினர் மின்னணு முறையில் சாக்ஸபோனை மட்டும் முடிந்தவரை பிரித்தெடுத்தார்கள். பிறகு பேஸ், பியானோ, டிரம்ஸ் பகுதிகளை ரான் கார்ட்டர், ரே பிரவுன் போன்றவர்களை வாசிக்க வைத்துப் புதிதாகச் சேர்த்தார்கள். அதாவது, முப்பது வருடங்களுக்கு முன் இறந்தவருக்கு உயிரோடிருப்பவர்கள் பக்கவாத்தியம் வாசித்தார்கள்! பதிவு கிடைக்காத சில இடங்களை சார்லஸ் மெக்ஃபெர்சன் தம் சாக்ஸபோனால் நிரப்பினார். பார்க்கரின் குழுவில் இருந்த, படத்தில் ஒரு பாத்திரமாக வரும் ரெட் ராட்னியின் டிரம்பெட்டை வாசித்ததும் அதே ராட்னிதான்.

அசல் பதிவைத் தொட்டதே குற்றம் என்று ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார் கோபப்பட்டார்கள். ஒலிக்கு ஆஸ்கரும், விட்டேகருக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தும் தியேட்டரில் படம் ஓடவில்லை. காலவரிசை இல்லாத, இருட்டான, 160 நிமிடப் படம், ஓடாததில் வியப்பில்லை. என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் டிக்கெட் காசுக்கு நஷ்டமில்லை.