மழை இல்லாத மாதங்களில் மலேரியா கிருமி எங்கே இருக்கும்?

"மழை நின்று கொசுவும் குறைந்துவிட்டது, நாலு மாதமாகக் காய்ச்சல் இல்லை. இன்னமும் உடம்பில் மலேரியா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். நீங்களும் மாத்திரையைப் பாதியில் விட்டவர் என்றுதான் நினைக்கிறேன். நானும் விட்டவன்தான்.

எனக்கு ஊர் ஒரத்தநாடு பக்கம். 2012இல் சென்னையில் கட்டட வேலையில் இருந்தபோது ஐப்பசி மழையில் குளிர்காய்ச்சல் வந்தது. வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றார்கள். 3 நாள் குளோரோகுயின் மாத்திரை, 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் சீக்கிரமே விட்டது. பிரைமாகுயின் வயிற்றைப் புரட்டியதால் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பொங்கல் நன்றாகத்தான் போனது. சம்பா அறுத்த வயலில் உளுந்து காய்த்து நின்ற நேரம், மாசிக் கடைசி. நல்ல வெயிலில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இரண்டு போர்வை, அதற்கு மேல் சாக்கு. அப்புறம் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. ஒருநாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. "வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல, எந்தக் கொசுடா கடிச்சுது? உளுந்து பறிக்க ஒடம்பு வணங்கல" என்றார் சித்தப்பா. அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. முதலில் போன கிளினிக்கிலும் ரத்தம் பார்க்காமலே டைபாய்டு என்று ஒரு வாரம் ஊசி போட்டார்கள். தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் வைவாக்ஸ் என்று தெரிந்தது.

அங்கே டாக்டர் விளக்கினார். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். வைவாக்ஸில் ஒரு பகுதி ஈரலில் போய்த் தூங்கிவிடும். அப்போது காய்ச்சலும் இருக்காது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. மாதக்கணக்கில் கழித்து விழிக்கும். தூங்குவதைக் கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை.

ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமிக்கு இந்த ஈரல் தூக்கம் கிடையாது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் மழையில்லாத மாதங்களில் அது ரத்தத்திலேயே கொஞ்சமாக இருந்து காலம் தள்ளுகிறது. வழக்கமாக அது புகுந்த சிவப்பணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குத் தப்பிவிடும். வறட்சிக் காலத்தில் அவ்வளவாக ஒட்டாமல் சுற்றிவருவதால் மண்ணீரல் நிறைய வடிகட்டிவிடுகிறது. எண்ணிக்கை ஏறாததால் காய்ச்சல் இல்லை. அடிக்கடி கடிபட்டு எதிர்ப்புச் சக்தி வந்தவர்களுக்கு இது நடக்கும். அடுத்த மழையில் கொசு வந்தால் அவர்களிடமிருந்து மறுபடி கிளம்பும்.

"நீ என்ன டாக்டரா?" என்று யாராவது வருவார்கள். இல்லை, பட்டவன். பிரைமாகுயினை நீங்களாக வாங்கிப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்த காலத்தில் அங்கே மலேரியா பெரிய பிரச்சினையானது. பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று நம் மண்ணுக்கு அப்போதே தெரியும். இருந்தும் எங்கள் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. மனு கொடுத்து அலுத்துப்போய், இந்த வருஷம் சித்தப்பாவும் நானுமே மண்வெட்டியோடு இறங்கினோம்.